ஆஸ்திரேலியாவில் ஒரே பாலினத் திருமணத்துக்குக் கருத்து கேட்கிறார்கள், நான் எதில் டிக் அடிப்பது?

தூங்காநகர்க்காரன் (8 அக்டோபர் 2017)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் என்று சிட்னியிலிருந்து ஓடிவந்து மதுரை கே.கே. நகர் வீட்டில் இருக்கிறேன், தீபாவளி முடிந்துதான் திரும்புவேன். ஊரே டெங்குக் காய்ச்சலும் நிலவேம்புக் கஷாயமுமாகக் கிடக்கும்போது இது ஒரு கேள்வியா என்று திட்டாதீர்கள். அங்கே இருக்கிற நம் ஆட்களிடம் கேட்டால் நழுவுகிறார்கள், இல்லையென்றால் வாட்ஸப்பில் வந்ததை அப்படியே தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள், அதனால்தான் இங்கே.

நான் ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கியவன். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டத்தை மாற்றலாமா என்று அரசாங்கம் தபாலில் கேட்டிருக்கிறது. தேர்தல் மாதிரி பூத், மை எல்லாம் கிடையாது. பொது வாக்கெடுப்புக்கு செனட் சம்மதிக்கவில்லை, அதனால் புள்ளிவிவரத் துறையை வைத்து சர்வே என்ற பெயரில் நடத்துகிறார்கள் (போன வருடம் சென்சஸ் இரவன்று வெப்சைட்டே படுத்துக்கொண்டதே, அதே துறைதான்). இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், செப்டம்பர் 7-ம் தேதி அதுவும் தள்ளுபடி. கேள்வி ஒரே வரி, கீழே யெஸ், நோ என்று இரண்டு கட்டம். அங்கே தேர்தலில் ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் உண்டு, இதற்கு அதுவும் இல்லை. நவம்பர் 7-க்குள் போய்ச் சேர வேண்டும். என் ஃபாரம் டூங்காபி வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது.

மகளுக்கு 16 வயது, அவளுக்கு ஓட்டு இல்லை, ஆனால் தினமும் போனில் “அப்பா, போட்டாச்சா” என்கிறாள். மனைவி வாயே திறக்கவில்லை. கோயில் வாட்ஸப் குழுவில் ஒரே பயமுறுத்தல், நாளைக்கே பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குப் பாவாடை கட்டிவிடுவார்கள் என்கிற ரேஞ்சில். அதை நான் நம்பவில்லை. என் குழப்பம் வேறு. ஒரே பாலினத்தவர் சேர்ந்து வாழ்ந்தால் 2009-லிருந்தே அங்கே வரி, ஓய்வூதிய நிதி, மருத்துவம் எல்லாவற்றிலும் தம்பதி மாதிரிதான் கணக்கு. எல்லாம் கையில் இருக்கும்போது கல்யாணம் என்ற பெயருக்கு மட்டும் ஏன் இவ்வளவு போராட்டம்? பெயர்தான் விஷயம் என்றால் அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க எனக்கு ஏன் தயக்கம் வருகிறது, அதுவும் புரியவில்லை. ஆபீசில் எனக்கு மேலே இருப்பவர் அப்படிப்பட்டவர்தான், நல்ல மனிதர், அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்து “நோ போட்டேன்” என்று சொல்ல வராது. அதற்காக மட்டும் யெஸ் போடுவதும் சரியாகப் படவில்லை.

யோசித்துச் சொல்லுங்கள். கிண்டல் செய்கிறவர்கள் அதையும் கொஞ்சம் யோசித்தே செய்யுங்கள்.

சிம்மக்கல் வாசகன்

கட்டாயம் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பேசாமல் விடுங்கள் சார். அப்பாவைப் பாருங்கள்.

ஓய்வு ஆசிரியர், நரிமேடு

தம்பி, வெளிப்படையாகக் கேட்டதால் வெளிப்படையாகச் சொல்கிறேன். நான் என்றால் ‘நோ’.

எனக்கு யார் மேலும் வெறுப்பு கிடையாது. முப்பது வருடத்துக்கு மேல் பையன்களுக்குப் பாடம் நடத்தியவன், எல்லா விதமான பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், ஒருவனை அதற்காக அடித்ததில்லை, அடிக்க விட்டதும் இல்லை. அவரவர் வீட்டுக்குள் எப்படி இருந்தாலும் போலீசுக்கு அங்கே வேலை இல்லை என்பதுதான் என் கட்சி. ஆனால் கல்யாணம் என்பது இரண்டு பேரின் ஆசைக்கு அரசாங்கம் கொடுக்கிற ரசீது இல்லை. சந்ததிக்காக ஏற்பட்டது. குழந்தை யாருடையது, யார் வளர்ப்பது, கிழவனானால் யார் கஞ்சி ஊற்றுவது, செத்தால் யார் கொள்ளி வைப்பது, இத்தனைக்கும் சேர்த்துப் போட்ட ஏற்பாடு. உரிமைகள் ஏற்கெனவே இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இப்போது மாற்றுவது உரிமையை அல்ல, அந்த ஏற்பாட்டின் அர்த்தத்தை. உங்களுக்கு வருகிற தயக்கம் அதுதான், அதைக் கண்டு கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று. ஆபீசரின் முகத்துக்காக ஓட்டுப் போடாதீர்கள். அது அவருக்கும் மரியாதை இல்லை.

மெல்பர்ன் மாட்டுத்தாவணி

சொந்த ஊர் கூடல்நகர், பன்னிரண்டு வருடமாக மெல்பர்ன். என் ஃபாரத்தை யெஸ் அடித்து அனுப்பியாகிவிட்டது, அதனால் நடுநிலை என்று நடிக்கப் போவதில்லை.

ஐயா சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மறுப்பு. “உரிமைகள் ஏற்கெனவே இருக்கின்றன” என்பது பாதி உண்மை. சேர்ந்து வாழ்கிற ஜோடிக்கு உரிமை உண்டு, ஆனால் சேர்ந்துதான் வாழ்ந்தோம் என்று நிரூபிக்கிற வேலை அவர்களுடையது. கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், தெரிந்தவர்களிடம் வாங்கிய கடிதம். நன்றாக இருக்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள். ஒருவர் ஐசியூவில் கிடக்கும்போது, அல்லது செத்த மறுநாள் அம்மா அப்பா வந்து “இவன் யார்” என்கும்போதுதான் கேட்பார்கள். நம்மிடம் ஒரு சான்றிதழ் இருக்கிறது, நீட்டினால் கதை முடிந்தது.

போன வருடம் ஜனவரியில் அடிலெய்டு பக்கம் நடந்தது பேப்பரில் வந்ததே, நினைவிருக்கிறதா? பிரிட்டனில் முறைப்படி கல்யாணம் செய்துகொண்ட இரண்டு ஆண்கள் தேனிலவுக்கு இங்கே வந்தார்கள். ஒருவர் விழுந்து தலையில் அடிபட்டு இறந்துவிட்டார். அவருடைய இறப்புச் சான்றிதழில் அந்த மாநிலம் என்ன எழுதியது தெரியுமா, “திருமணமாகாதவர்”. பக்கத்தில் நிற்கிற கணவனிடம் எதையும் கேட்காமல், அப்பாவிடம் போய்ச் சம்மதம் கேட்டார்கள். கடைசியில் மாநில முதல்வரே போன் செய்து மன்னிப்புக் கேட்டார். “பெயர் மட்டும்தானே” என்கிறவர்கள் அந்தக் காகிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்துப் பார்க்கட்டும்.

கோயில் குழுவுக்கு: டீன் ஸ்மித் என்கிற செனட்டர் ஆகஸ்டில் வெளியிட்ட மசோதாவில், பாதிரியாரோ குருக்களோ இப்படிப்பட்ட கல்யாணத்தை நடத்திவைக்க மாட்டேன் என்று மறுக்கலாம் என்று தெளிவாகவே இருக்கிறது. உங்கள் கோயிலில் யாரும் வந்து மாலை மாற்றப் போவதில்லை. இன்னொரு விஷயம், ஆண்-பெண் என்கிற வரியே ஏதோ ஆதிகாலத்திலிருந்து அந்தச் சட்டத்தில் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள், 1961-ல் வந்த சட்டத்தில் அதை 2004-ல்தான் அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்டு செருகினார். அப்போது எவரிடமும் தபால் போட்டுக் கேட்கவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஃபாரம் இல்லாமலே போடலாம். ரகசிய எண் ஒன்று கேட்டு வாங்கினால் போனிலோ இணையத்திலோ முடித்துவிடலாம். அந்த எண்ணைக் கேட்க கடைசி நாள் அக்டோபர் 20. தீபாவளி 18-ம் தேதி, பலகாரத்தில் மறந்துவிடாதீர்கள்.

உசிலம்பட்டிப் பங்காளி

அண்ணே, எல்லோரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள், எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் என்ன என்று நான் சொல்கிறேன். மொய் நோட்டு.

எங்கள் பெரியப்பா இருபது வருடமாக ஊரெல்லாம் மொய் செய்தவர். ஐநூறும் ஆயிரமுமாக ஆரம்பித்து, கறி விருந்து சாப்பிட்ட கையோடு மைக் செட்டில் பெயர் வாசிக்கக் கேட்டு மீசையை முறுக்கியவர். அவ்வளவும் பச்சை அட்டை போட்ட நீள நோட்டில் எழுதி, டிரங்குப் பெட்டியில் பட்டுச் சேலைக்குக் கீழே வைத்திருக்கிறார். வீட்டுக்கு ஒரே மகன். அவன் கோயம்புத்தூரில் வேலை, கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டான். ஏன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயால் சொன்னது கிடையாது. பெரியப்பாவுக்குப் பேரன் இல்லை என்கிற கவலை ஒரு பங்கு என்றால், போட்ட மொய்யை எந்த விசேஷத்தை வைத்துத் திரும்ப வாங்குவது என்கிற கவலை மூன்று பங்கு. கடைசியில் ‘இல்ல விழா’ என்று பத்திரிகை அடித்து, காரணமே இல்லாமல் ஒரு பந்தல் போட்டு வசூலித்துவிட்டார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நானே அந்தப் பந்தலில் பரிமாறினேன்.

அந்தப் பையன் யாரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தாலும், பத்திரிகையில் பெயர் போட ஒரு வழி இருந்திருந்தால் எங்கள் பெரியப்பா முதல் வாரம் அரிவாளைத் தேடியிருப்பார், இரண்டாவது வாரம் சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார். என் ஓட்டு யெஸ்ஸுக்குத்தான். எனக்கு ஓட்டு இல்லை, அது வேறு விஷயம்.

பெயர் வேண்டாம்

படித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். ஆசிரியர் ஐயா சந்ததி என்று எழுதியதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர். 22 வயதில் கல்யாணம். மாப்பிள்ளை மில்லில் கணக்கு எழுதுகிறவர், குடி கிடையாது, சிகரெட் கிடையாது, பெண் பிள்ளைகளை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார் என்று தரகர் பெருமையாகச் சொன்னார். உண்மைதான், ஏறெடுத்துப் பார்க்கவே இல்லை.

முதல் வருடம் முடிந்ததுமே குழந்தை எங்கே என்று ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டரிடம் போனது நான் மட்டும். மாதவிலக்குத் தேதியை ஒரு சின்ன டைரியில் எழுதிவைக்கச் சொன்னார்கள், எழுதினேன். ஸ்கேன், கர்ப்பப்பைக் குழாயில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே, எல்லாம் எனக்குத்தான். அந்த எக்ஸ்ரே மேஜை எவ்வளவு சில்லென்று இருந்தது என்று இன்னும் நினைவிருக்கிறது. டாக்டரம்மா “வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாம்மா” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார், மாமியார் “அவனுக்கு என்ன குறை” என்பார். திருப்பரங்குன்றத்தில் மண்சோறு சாப்பிட்டேன். விசேஷ வீடுகளில் வளைகாப்புத் தட்டை என் கையில் கொடுக்க மாட்டார்கள். எங்களுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் யாரிடம் சொல்வது? எங்கள் அம்மாவிடம் சொன்னேன், “ஆம்பளைக்குக் கூச்சம் இருக்கும், நீதான் அனுசரிக்கணும்” என்றார்.

அப்புறம் ஒருநாள் அவரே சொல்லிவிட்டார். திண்டுக்கல்லில் ஒருவர், கல்லூரிக் காலத்திலிருந்து. சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். அவர் வீட்டில் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியும். அடித்திருக்கிறார்கள், மந்திரித்திருக்கிறார்கள், கடைசியாக “ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்” என்று பேசி முடித்து என்னைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். அந்தக் கால்கட்டு நான்தான்.

குடும்ப நீதிமன்றத்தில் இருவரும் சம்மதித்துப் பிரிந்தோம். மனுவில் கருத்து வேறுபாடு என்று எழுதினார்கள். ஊரில் இன்றைக்கும் நான் மலடி, அவர் பாவம்.

எனக்கு அந்த மாதிரி ஆட்கள் மேல் தனிப் பாசம் எல்லாம் கிடையாது அண்ணே. கோபம்கூட முழுசாகப் போகவில்லை. ஆனால் திண்டுக்கல்காரரோடு அவருக்கு ஊரறிய ஒரு கல்யாணம் நடந்திருந்தால் அந்த எக்ஸ்ரே மேஜையில் நான் படுத்திருக்க மாட்டேன். அதுதான் என் கணக்கு. ஆஸ்திரேலியாவிலும் நம்ம ஆட்கள் பையனுக்கு ஊரிலிருந்து பெண் எடுத்துக்கொண்டுதானே போகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு உங்கள் ஃபாரத்தில் கட்டம் இல்லை.

ஓய்வு ஆசிரியர், நரிமேடு

அம்மா, முழுவதும் படித்தேன். உங்களுக்குச் செய்தது பச்சைத் துரோகம். தெரிந்தே பெண் எடுத்தவர்கள் மேல் வழக்குப் போட்டிருக்க வேண்டும். ஆனால் ஏமாற்றுக்குத் தண்டனை வேண்டும் என்பது ஒன்று, அதற்காகக் கல்யாணத்தின் இலக்கணத்தையே மாற்றுவது வேறொன்று. ஏமாற்றாமல் தனியாக இருந்துவிட்டுப் போயிருக்கலாமே அவர்.

பெயர் வேண்டாம்

தனியாக இருக்க விட்டார்களா ஐயா? வழக்கு யார் மேல் போடுவது, அவர் மேலா, அவர் அம்மா மேலா? அந்த அம்மா நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தார். நீங்கள் சொன்ன அதே கஞ்சி, அதே கொள்ளிதான் அவர் வாயிலும்.

புதூர்க்காரன் 29

நானும் அந்தத் திண்டுக்கல்காரர் ரகம்தான். நேரடியாகவே சொல்லிவிடுகிறேன், இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது.

அக்கா எழுதியதைப் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. போன மாதம்தான் எங்கள் வீட்டில் என் ஜாதகத்தை ஒருவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் கொண்டுவருகிற ஃபோட்டோக்களில் இருக்கிற பெண்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நான் மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஏன் என்று கேட்டால் சம்பளம், வீட்டு லோன், தங்கை படிப்பு என்று காரணங்கள் தீர்ந்துகொண்டே வருகின்றன.

சார், நீங்கள் எதில் டிக் அடித்தாலும் இங்கே எதுவும் மாறாது. எங்களுக்குக் கல்யாணம் எல்லாம் ரொம்பத் தூரம். ஒரே பாலின உறவைக் குற்றமாக்குகிற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு இந்த 2017-லும் உயிரோடு இருக்கிறது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது, 2013 டிசம்பர் 11-ம் தேதி சுப்ரீம் கோர்ட் திரும்பக் கட்டிவிட்டது. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதினது, ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். இந்த ஆகஸ்டில் அந்தரங்க உரிமைத் தீர்ப்பில் எங்களுக்கும் சேர்த்து நாலு நல்ல வார்த்தை எழுதியிருக்கிறார்கள், அதை வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். 2012-ல் நம் மதுரையிலேயே ஒரு பேரணி நடந்தது, பலருக்குத் தெரியாது. நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், டீக்கடையில், யாருக்காகவோ காத்திருப்பவன் மாதிரி போனை நோண்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துகொள்ளத் தைரியம் வரவில்லை.

ஆசிரியர் ஐயாவுக்கு: அடிக்க விட்டதில்லை என்று எழுதினீர்களே, அதற்கு நன்றி. எங்கள் பள்ளியில் விட்டார்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், சந்ததி இல்லாத எத்தனையோ தம்பதிகள் உங்கள் தெருவில் இருப்பார்கள். அவர்களைப் பார்த்து உங்களுடையது கல்யாணமே இல்லை என்பீர்களா?

சிம்மக்கல் வாசகன்

தம்பி, ஜாதக விஷயத்தில் மட்டும் வளைந்து கொடுத்துவிடாதே. மற்றது பிறகு பார்த்துக்கொள்ளலாம். (பேசாமல் விடுங்கள் என்று மேலே எழுதியவன் நான்தான். பரவாயில்லை.)

ஓய்வு ஆசிரியர், நரிமேடு

தம்பி, அந்தக் கேள்வி நியாயமானது. சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் உங்களுக்கும் நடுவில் கோடு எங்கே போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாத் தம்பிக்கு நான் சொன்ன ஆலோசனை அப்படியே நிற்கிறது, ஆனால் என்னுடைய ஒரு ஓட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்.

தூங்காநகர்க்காரன் (17 அக்டோபர் 2017)

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக ஆஸ்பத்திரி, அப்பாவுக்கு வாக்கர் வைத்து நடக்கப் பழக்குகிறார்கள், அவர் பிசியோதெரபி பெண்ணோடு சண்டை.

யெஸ்தான். ரகசிய எண் வாங்கி நேற்று இரவே போட்டுவிட்டேன், போனில் இரண்டு எண்ணை அழுத்துகிற வேலைதான், இதற்கா இவ்வளவு யோசித்தோம் என்று ஆகிவிட்டது. பெயர் மட்டும்தானே என்ற என் கேள்விக்கு மெல்பர்ன் நண்பர் சொன்ன சான்றிதழ் பாதி பதில். மீதி, பெயர் வேண்டாம் என்று எழுதிய சகோதரி. என் அக்கா மகளுக்கு இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள், சிட்னிப் பையன் ஜாதகம் ஒன்று கையில் இருக்கிறது. பையனைத் தனியாகச் சந்தித்து இரண்டு வார்த்தை பேசாமல் மேலே போக வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். “என்னத்தைப் பேசப் போற” என்றாள். திரும்பிப் போனதும் பையனைக் காபிக்குக் கூப்பிட வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று மட்டும் தெரியவில்லை.

ஐயா, உங்கள் மேல் மரியாதை குறையவில்லை. தயக்கத்துக்காகக் கூச்சப்படாதே என்றீர்கள். படவில்லை, அந்தத் தயக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை நானே வைத்துக்கொள்கிறேன், அடுத்தவன் வாழ்க்கையில் சட்டமாக ஏன் வைக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

புதூர்த் தம்பி, தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

தூங்காநகர்க்காரன் (16 நவம்பர் 2017)

முடிவு நேற்று வந்துவிட்டது, கேட்டவர்களுக்காக. ஃபாரம் அனுப்பியவர்கள் 79.5 சதவீதம். யெஸ் 61.6, நோ 38.4. வேடிக்கை என்னவென்றால் எங்கள் பரமட்டா தொகுதியில் அப்படியே தலைகீழ், நோதான் 61.6. நாட்டில் 150-ல் 17 தொகுதிகள் நோ சொல்லியிருக்கின்றன, அதில் 12 எங்கள் மேற்கு சிட்னிப் பக்கம்தான். குடியேறி வந்தவர்கள் அதிகம் இருக்கிற இடங்கள். கோயில் குழுவில் காலையிலிருந்து ஐயப்பன் படம் மட்டும்தான் வருகிறது.

இன்னும் சட்டம் ஆகவில்லை. டீன் ஸ்மித்தின் மசோதா நேற்றே செனட்டுக்குப் போய்விட்டது, கிறிஸ்துமஸுக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள்.

மகள் ஒரே குதி. மனைவியும் ஃபாரம் அனுப்பியிருக்கிறாள், தபால் பெட்டியில் அவளே போய்ப் போட்டாளாம். எதில் டிக் அடித்தாய் என்று கேட்டால், “ரகசிய வாக்கெடுப்புன்னா என்னன்னு தெரியாதா” என்கிறாள்.